என் காலுக்குள் ஓர் ஊர்

ஆகஸ்ட் 30

வெட்கத்தைப் பார்க்காமல் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி மோதிக் கால் ஒடிந்தது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். வண்டியும் இல்லை, மண்ணும் இல்லை. போன வருடம் ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்த நேரம், மாப்பிள்ளையின் அத்தை எப்படி நடக்கிறார் என்று எங்கள் சமையல் செட்டுக்கு நடந்து காட்டினேன். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, காலை இழுத்து, மூக்கை மேலே தூக்கி. எல்லாரும் சிரித்தார்கள். கீழே பாயசம் கொட்டிக் கிடந்ததை நான் பார்க்கவில்லை. விழுந்த பிறகும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள், அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. உள்ளே தகடு வைத்து, திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். இப்போது என் நடை அசல் அந்த அத்தையின் நடை. பார்த்தால் சந்தோஷப்படுவார்.

தகடு வைத்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்து சீழ் வருகிறது. மாத்திரை சாப்பிட்டால் வற்றும். நிறுத்தினால் மறுபடி வரும். அதனால் இப்போது செப்டிக் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். பெரிய வார்டைத் தாண்டி, நடைபாதைக் கடைசியில், இரண்டே கட்டில் போட்ட அறை. சீழ் பிடித்தவர்களை மற்றவர்களோடு வைக்க மாட்டார்களாம்.

இந்த டைரி நிலோஃபர் டாக்டர் கொடுத்தது. ஏதோ மருந்துக் கம்பெனியின் பழைய வருடத்து டைரி. "காலைல சாயங்காலம் காய்ச்சல் எவ்வளவுன்னு இதுல குறிச்சு வைங்கம்மா" என்றார். இரண்டு நம்பர் எழுத ஒரு முழுப் பக்கமா? மிச்ச இடத்தை வீணாக்க எனக்கு மனசு வராது. நாலாம் வகுப்பு வரை படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

காலை 99. மாலை 100.

ஆகஸ்ட் 31

பக்கத்துக் கட்டில் மூக்கம்மா அக்கா. பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்றவர். சர்க்கரை வியாதியில் உள்ளங்காலில் புண். வாய் மட்டும் நல்ல ஆரோக்கியம். பல் செட்டைக் கழற்றினால்தான் கொஞ்சம் ஓய்கிறது.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரே ஒரு இரும்பு அலமாரி. வந்த அன்றே அக்கா அதன்மேல் விரலால் கோடு கிழித்தார்.

"இங்கிட்டு எம்பல்லு டம்ளரு. அங்கிட்டு ஒந்தண்ணி டம்ளரு. கோட்டத் தாண்டக் கூடாது, ஆமா."

"தாண்டுனா உம் பல்லு கடிச்சு வச்சிருமாக்கா?"

"கடிக்கும்டி. ஒன்னைய மாதிரி வாயாடிய நெறையக் கடிச்ச பல்லு அது."

நல்ல ஆள்.

காலை 99. மாலை 99.

செப்டம்பர் 1

பார்வையாளர் நேரம். மூக்கம்மா அக்காவுக்கு மகன், மருமகள் தேன்மொழி, நாத்தனார், நாத்தனார் பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரி. உட்கார இடமில்லாமல் என் கட்டில் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நர்ஸ் வந்து, "செப்டிக் பெட்டுல உக்காரக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?" என்று எழுப்பிவிட்டார்.

"ஒங்களுக்கு யாரும் வரலையாக்கா?" என்று தேன்மொழி கேட்டாள்.

"எம்மக வருவா. வெள்ளிக்கிழம" என்றேன்.

"பேரென்ன?"

"பவித்ரா." நேர் எதிர்ச் சுவரில் பவித்ரா பாத்திரக்கடை காலண்டர் தொங்குகிறது. நல்ல பெயர்.

காலை 99. மாலை 101.

செப்டம்பர் 2

இன்று நிலோஃபர் டாக்டர் என் கட்டில் பக்கம் நின்று ரொம்ப நேரம் பேசினார். சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கருப்பு. தூங்கி நாளாகியிருக்கும். "இம்புட்டு மருந்து ஏத்துறீங்களே, ஏந்தாயி போக மாட்டேங்குது? எங்கால விட அதுக்கு வேற எடம் கெடைக்கலையா?" என்று நான் கேட்டதுதான் தாமதம், என் டைரியையே வாங்கி முதல் அட்டையில் படம் போட்டுவிட்டார்.

படத்தில் ஒரு கோடு. அது தகடு. மேலே புள்ளிகள். அவை கிருமிகள். தனித்தனியாக மிதந்து திரியும்போது அவற்றுக்கு ஒன்றும் பலமில்லை. மருந்து பட்டால் செத்துவிடும். ரத்தத்தில் உள்ள காவல்காரனும் பிடித்துத் தின்றுவிடுவான். ஆனால் ஒன்று போய்த் தகட்டில் உட்கார்ந்துகொள்கிறது. உடம்புச் சதையில் உட்கார்ந்தால் சதை சண்டை போடும். இரும்பு சண்டை போடாது. உட்கார்ந்தது ஒரு பிசினைக் கக்கி ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் வேறு ஜாதிக் கிருமி. எல்லாம் சேர்ந்து பிசினாலேயே வீடு கட்டுகின்றன. நடுநடுவே தண்ணீர் போகச் சின்ன வாய்க்கால் கூட விட்டுக்கொள்கின்றனவாம். ஒன்று தின்று கழித்தது இன்னொன்றுக்குச் சாப்பாடு.

"ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவும் செய்யும்மா" என்றார் டாக்டர்.

"வாய் எங்கிட்டு இருக்கு அதுக்கு?"

"வாசனை மாதிரி ஒண்ண விடும். கொஞ்சம் பேர்தான் இருக்கோம்னா சும்மா இருக்கும். கூட்டம் சேந்துருச்சுன்னு தெரிஞ்சாத்தான் வேலைய ஆரம்பிக்கும்."

இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் சமையல் செட்டும் அப்படித்தான். ஒருத்தி மட்டும் போனால் மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஆள் சேர்ந்தால்தான் முதல் வெங்காயம் வெட்டுப்படும்.

"மருந்து மேல் வீட்டுக்காரங்களக் கொல்லும். பிசினுக்கு அடியில தூங்குறது அப்படியே இருக்கும். நீங்க மாத்திரைய நிறுத்துனதும் முழிச்சு, மறுபடி ஊரக் கட்டும். அதனாலதான் தகட்டையே எடுத்துட்டுச் சுரண்டி விடணும். எலும்பு நல்லாக் கூடிருச்சு, இனி தகடு வேண்டாம். புதன்கிழம செப்டிக் தியேட்டர். எடுத்துரலாம்."

போகும்போது, "காலைல எந்திரிச்சதும் நாக்கால பல்லத் தடவிப் பாருங்க. வழவழன்னு இருக்கும்ல, அதுவும் இதே மாதிரி ஊருதான்" என்றார்.

மூக்கம்மா அக்கா டம்ளரில் இருந்த பல்லை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏக்கா, ஒம்பல்லுல திருவிழாவே நடக்கும் போல?"

"நடக்கட்டும்டி. தேர் இழுக்க ஒன்னைய விடுறேன்."

காலை 99. மாலை 100.

செப்டம்பர் 3

காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினேன். வழவழ. தேய்க்கத்தான் கொஞ்சம் யோசனையாக இருந்தது.

செப்டம்பர் 4

புதன். தியேட்டருக்குப் போகவில்லை.

இங்கே ஒரு வழக்கம். கூட ஆள் இல்லாமல் கேஸை எடுக்க மாட்டார்கள். அட்டெண்டர் என்று பெயர். சம்மதத்துக்குக் கையெழுத்துப் போட, ரத்தப் பாட்டில் வாங்க ஓட, ஸ்ட்ரெச்சர் தள்ள, உள்ளே இருப்பவர் திரும்பி வரும் வரை கதவு முன்னால் நிற்க. பச்சைச் சட்டை போட்டவர் வந்து, "பஞ்சவர்ணம் அட்டெண்டர் யாரு? பஞ்சவர்ணம் அட்டெண்டர்!" என்று நடைபாதை முழுக்கக் கூப்பிட்டார். என் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. நானே போய்விடலாம் என்று பார்த்தேன்.

"மகளுக்குப் பள்ளிக்கூடத்துல லீவு கெடைக்கல. டீச்சர்ல, அவ" என்று சொன்னேன்.

அடுத்த புதன் பார்க்கலாம் என்றார்கள்.

செப்டம்பர் 6

இன்று நல்ல முகூர்த்தம். எங்கள் செட்டுக்கு இரண்டு மண்டபம் இருக்கும். விடியும்போதே பொங்கலுக்கு நெய் காய்ச்சியிருப்பார்கள். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேசுவோம், யாரும் யார் பேச்சையும் கேட்க மாட்டோம், ஆனாலும் எல்லாம் புரியும்.

ஆவணி முழுக்க முகூர்த்தம்தான். ஒருத்தரும் வர முடியாது. புரட்டாசி பிறந்தால் கல்யாணம் கிடையாது. அப்போது பாருங்கள், நர்ஸம்மா விரட்டி விரட்டி ஓய்ந்துபோவார்.

வெள்ளிக்கிழமை. பவித்ரா பஸ்ஸை விட்டுவிட்டாள்.

காலை 100. மாலை 101.

செப்டம்பர் 8

பார்வையாளர் நேரத்தில் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டேன். தேன்மொழி இரண்டு இட்லியை என் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாவு இன்னும் ஒரு ராத்திரி புளித்திருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் சாப்பிடுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 11

புதன். பச்சைச் சட்டைக்காரர் கூப்பிட்டார். நான் கழிவறையில் இருந்தேன். அவர் போன பிறகு வந்தேன்.

மத்தியானம் நிலோஃபர் டாக்டர் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி இன்னும் ஒரு விரல் அகலம் சிவந்திருக்கிறது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மா, விளையாட்டில்ல இது. எலும்புக்குள்ள எறங்கிருச்சுன்னா அப்புறம் தகட்ட எடுத்தும் பிரயோஜனம் இல்ல. கால் தங்குறதே கஷ்டம். பவித்ரா எப்ப வருவாங்க?"

"வந்துருவா தாயி."

அவர் குரலை இறக்கினார். "யாரும் இல்லைன்னாலும் பரவாயில்லம்மா. ஆதரவற்றவர்னு எழுதி, பெரிய டாக்டர்ட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டா, ஆஸ்பத்திரியே பொறுப்பெடுத்துக்கும். ஒரு வார்த்த சொல்லுங்க போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானா? ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு இலை போட்டவள். எந்த ஊருக்குப் போனாலும் "ஏ பஞ்சு" என்று கூப்பிட ஒருத்தர் இருப்பார். என் கட்டில் தலைமாட்டில் அப்படி எழுதிய சீட்டை ஒட்டுவார்களாம்.

"எம்மக கேட்டா வருத்தப்படுவா" என்றேன்.

காலை 100. மாலை 102.

செப்டம்பர் 12

102.

செப்டம்பர் 14

காய்ச்சலில் காலோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிறவர்களிடம்தான். இத்தனை பேர் எப்படி ஒட்டிக்கொண்டீர்கள், முதல் ஆள் உட்கார்ந்தபோது பக்கத்தில் யாரும் வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பான், என்று கேட்டேன். அவர்களுக்கு அவர்கள் வேலை.

மூக்கம்மா அக்கா கேட்டார்: "யாருட்டடி பேசுற?"

"பவித்ராட்ட. போன்ல."

"போன் சார்ஜர்ல கெடக்கே."

"ஸ்பீக்கர்ல போட்டேங்க்கா."

"ஓகோ. அவ இன்னமும் டீச்சர்தானா? முந்தாநேத்துத் தேனுட்ட பேங்குல வேலைன்ன."

"சாயங்காலத்துல பேங்கு."

அக்கா பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டார்.

செப்டம்பர் 17

புரட்டாசி பிறந்துவிட்டது. காலையிலேயே தலை சீவி, பவுடர் போட்டு, போர்வையை மடித்து வைத்தேன். கட்டிலில் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தேன், வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமே.

செப்டம்பர் 18

புதன். போகவில்லை.

செப்டம்பர் 20

எங்கள் செட்டு மாஸ்டர் காசிமாயனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் ஒரே சத்தம், பாட்டு, கைதட்டல்.

"ஏ பஞ்சு! நல்லாருக்கியா? நாங்க எல்லாருமாச் சேந்து வேன் பிடிச்சுத் திருப்பதி போறோம்ல, புரட்டாசிச் சனிக்கு. நீ இருந்தா வண்டியே குலுங்கியிருக்கும் போ. கால் எப்பிடி இருக்கு?"

"இருந்த எடத்துல இருக்கு மாஸ்டர்."

பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருப்பார். வேன் முழுக்கச் சிரித்தது கேட்டது.

"ஒனக்கும் சேத்து வேண்டிக்கிறோம். லட்டு வாங்கியாறேன்."

அட்டெண்டராக வர முடியுமா என்று கேட்கத்தான் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். நடுவில் போய் எப்படிக் கேட்பது.

காலை 101. மாலை 102.

செப்டம்பர் 23

மயக்க மருந்து டாக்டர் வந்தார். புதன்கிழமைப் பட்டியலில் என் பெயர் மறுபடியும் இருக்கிறதாம். தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். முதுகில் ஊசி போடுகிற காரியம். பொய் சொன்னால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் முன்னாடியே பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார்.

"சர்க்கரை, பிரஷர்?"

"இல்லைங்க."

"ஆஸ்துமா?"

"இல்லைங்க."

"பிரசவம் எத்தனை? நார்மலா, சிசேரியனா?"

நான் மூக்கம்மா அக்கா பக்கம் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். பல் டம்ளரில் இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க."

"கல்யாணம்?"

"ஊரார் வீட்டுக் கல்யாணம் நெறையங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 24

ராத்திரி முழுக்கக் குளிர் ஜுரம். காலை ரவுண்டில் பெரிய டாக்டரே வந்து பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நிலோஃபர் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. குனிந்தது தெரியும்.

எல்லாரும் போன பிறகு அவரைக் கூப்பிட்டேன். "தாயி, அந்தச் சீட்டு இருக்குல்ல, அத..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எனக்கு வாய் வராமல் போனதை இந்த வார்டு இன்றுதான் பார்த்தது.

பக்கத்தில் இருந்து சத்தம்.

"எந்தச் சீட்டும் வேணாம். டாக்டரம்மா, நீ போ. நாளைக்கு இவளுக்கு ஆள் வரும்." மூக்கம்மா அக்கா பல் இல்லாமல் பேசினார். பாதிக் காற்று. ஆனாலும் புரிந்தது.

"யாரும்மா வருவாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வரும்ன்றேன்ல."

டாக்டர் போனதும், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அக்கா, "ஏடி பஞ்சு, நான் தூங்குனா கொறட்ட விடுவேன். ஊருக்கே தெரியும். நேத்து விட்டேனா?" என்றார்.

விடவில்லை. இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 26

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை பச்சைச் சட்டைக்காரர் வந்தார். "பஞ்சவர்ணம் அட்டெண்டர்!" என்று கத்தினார். "இந்தா, நாந்தான். ஏன், காது கேக்காதவங்களுக்குச் சொல்ற மாதிரி கத்துறீங்க?" என்றபடி தேன்மொழி வந்து நின்றாள். கூந்தலை அள்ளி முடிந்து, சேலை முந்தியை இடுப்பில் செருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாத்தனார், எதிர்வீட்டுக்காரி, ரத்தம் கொடுக்க அக்காவின் மகன்.

நிலோஃபர் டாக்டர் சம்மதத் தாளை நீட்டினார். "நீங்கதான் பவித்ராவா?"



தேன்மொழி என்னைப் பார்க்கவே இல்லை. "இல்லைங்க, நான் தேன்மொழி. பவித்ரா பஸ்ஸ விட்டுட்டா. அவ எப்பவுமே அப்பிடித்தான்" என்றாள்.

"இவங்களுக்கு நீங்க என்ன உறவு? அதையும் எழுதணும்."

அவள் பேனாவை வைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

"பக்கத்துக் கட்டில்னு எழுது" என்றார் மூக்கம்மா அக்கா.

அப்படியே எழுதினாள். டாக்டர் படித்தார். அடித்துத் திருத்தவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் பேச்சையும் யாரும் கேட்கவில்லை. "மாப்ள அத்த மாதிரியே நடந்து காட்டுமாம்ல நம்ம பஞ்சக்கா, ஒரு தரம் பாக்கணும்" என்று நாத்தனார் சொன்னது கேட்டது. மாப்பிள்ளையின் அத்தை கதையைக் காய்ச்சலில் நானே உளறியிருக்கிறேன் போல. வண்டி மோதியது என்ற கதையும் போச்சு.

முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. சுரண்டுகிற சத்தம். அடிப்பிடித்த பாயச அண்டாவைச் சுரண்டுவது போலவே. நன்றாக அழுத்திச் சுரண்டுங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன்.

எலும்புக்குள் இன்னும் இறங்கவில்லையாம். மயிரிழையில் தப்பித்தது என்றார் நிலோஃபர் டாக்டர்.

வெளியே வரும்போது கதவு முன்னால் தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். உட்கார பெஞ்சு இருந்தது. உட்காரவில்லை.

செப்டம்பர் 27

டாக்டர் தகட்டை ஒரு டப்பாவில் கொண்டுவந்து காட்டினார். விரல் நீளம். மேலே மெல்லிசாக ஒரு படலம், வெளிச்சத்தில் பார்த்தால் பளபளவென்று. இவ்வளவுதானா? இதில்தான் அத்தனை வீடும் வாய்க்காலுமா?

"வீட்டுக்குக் கொண்டு போறீங்களா? சிலர் கேப்பாங்க, கழுவித் தருவோம்" என்றார்.

"வேணாம் தாயி. எவ்வளவு நாளா இருந்துட்டாங்க. ஒண்ணாவே போகட்டும்."

காலை 99. மாலை 99.

செப்டம்பர் 28

காசிமாயன் மாஸ்டர் யாரிடமோ லட்டு கொடுத்தனுப்பியிருந்தார். சர்க்கரை அதிகம், ஏலக்காய் குறைவு என்று மூக்கம்மா அக்காவிடம் சொன்னேன். "எனக்குத்தான் சக்கர வியாதி, ஒனக்கெதுக்குடி அந்தக் கவல" என்று சொல்லி அரை லட்டை வாயில் போட்டுக்கொண்டார். நர்ஸிடம் சொல்லிக்கொடுத்தேன். சண்டை. இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

சாயங்காலம் தேன்மொழி வந்து அலமாரியைத் துடைத்து, இரண்டு டம்ளரையும் கழுவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கோட்டைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

காலை 99. மாலை 98.6.

செப்டம்பர் 29

காலையில் இருட்டு விலகும் முன்பே நர்ஸ் மாத்திரையைக் கையில் வைத்துவிட்டுப் போனார். மூக்குக்கண்ணாடி கைக்கு எட்டவில்லை. டம்ளர் எட்டியது. மாத்திரையைப் போட்டு முழுத் தண்ணீரையும் குடித்தேன். கடைசியில் ஏதோ வந்து உதட்டில் இடித்தது.

மூக்கம்மா அக்காவின் பல் செட்.

அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டம்ளரில் வேறு தண்ணீர் ஊற்றிப் பல்லைத் திருப்பி அதிலேயே வைத்தேன்.

மாத்திரை இறங்கிவிட்டது. காலை 98.4.